பம்மல் ஒரு இறக்கம்

அனுப்பிரியாவுக்கு ஒரு திறமை உண்டு; பயோடேட்டாவில் அதை மட்டும் அவள் எழுதவில்லை. பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த அரை நிமிடத்தில் தூங்கிப்போவாள். பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய மாட்டாள், வாயைப் பிளக்க மாட்டாள், மடியில் இருக்கும் பையை நழுவ விடமாட்டாள். பார்ப்பவர்களுக்கு யாரோ பக்தியில் கண்ணை மூடியிருக்கிற பெண் மாதிரித் தெரியும்.

பம்மலில் அவள் தெருவுக்குச் சற்று முன்னால் சாலை ஒரு திருப்பம் திரும்பும். வண்டி அதில் திரும்பியதும் கண் திறப்பதற்கு முன்பே அவளுக்கு வாய் திறந்துவிடும். “அண்ணா, எறக்கம் இருக்கு” என்பாள். கம்பியில் இரண்டு தட்டு தட்டுவாள். கையில் மடித்து வைத்திருக்கும் இருபது ரூபாயை முன்னால் இருப்பவரிடம் நீட்டுவாள். அவர் யார், எவர் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பார். அடுத்தவர் டிரைவரிடம் கொடுப்பார். டிரைவர் அதைச் சட்டைப் பையில் செருகும்போதுதான் இவளுக்கு முழுசாக விழிப்பு வரும். காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. படித்த இரண்டு வருடமும் ஒரு நாள்கூட அவள் ஸ்டாப்பைத் தவறவிட்டதில்லை. இந்தத் திறமைதான் அவளைக் கவிழ்த்தது.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில், ஒரு நகைக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் அந்த முதலீட்டு ஆலோசனை நிறுவனத்தின் கிளை இருந்தது. நிலம் விற்றவர்கள், ரிடையரானவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லாரும் பணத்தை எங்கே போடலாம் என்று கேட்க அங்கே வருவார்கள். எட்டு வாரப் பயிற்சிக்கு நான்கு இன்டர்ன்களை எடுத்திருந்தார்கள். முடிவில் ஒருவருக்குத்தான் வேலை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மூன்றாவது வாரத்திலேயே இரண்டு பேர் நமக்கு இது கிடைக்காது என்று தெரிந்துகொண்டு நிம்மதியாக மதியச் சாப்பாடு சாப்பிட ஆரம்பித்தார்கள். மிச்சம் இருந்தது அனுவும் கேஷவும்.

கேஷவ் சேலையூர்ப் பையன். அப்பா வங்கி அதிகாரி, அம்மா பள்ளிக்கூட டீச்சர். சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் ‘வோலட்டிலிட்டி’ என்ற சொல்லை நாக்கு தடுக்காமல் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுவான். அனு அதை வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்தாள். மூன்றாவது தடவை அம்மா சாமுண்டீஸ்வரி எட்டிப் பார்த்து, தொண்டையில் ஏதாவது மாட்டிக்கொண்டதா என்று கேட்டாள்.

அவளுக்கு அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். கிடைக்காவிட்டால் அனகாபுத்தூரில் மாமா குமரவேலின் பெயிண்ட் கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான். மாமா ரொம்ப நல்லவர். அதுதான் பிரச்சினை. இவள் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கே கல்லாவுக்குப் பக்கத்தில் இவளுக்கென்று ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டவர். அதில் வேறு யாரையும் உட்கார விடமாட்டார். பண்டிகைக்குப் போகும்போதெல்லாம் அந்த ஸ்டூலை அவள் பார்ப்பாள். அதுவும் அவளையே பார்க்கிற மாதிரி இருக்கும்.

ஆறாவது வாரத்தில் துரைராஜ் வந்தார். திருமுடிவாக்கம் பக்கம் பழைய விவசாயக் குடும்பம். தொழிற்பேட்டையை ஒட்டிய நிலத்தில் ஷெட் போட்டு லேத் பட்டறைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மிச்சம் இருந்த ஒரு துண்டை விற்றதில் ஒரு கோடி ரூபாயை எங்காவது போடவேண்டும் என்று வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பைக்குள் மடித்த கைக்குட்டை, அதிகம் பேசாத ஆள். மேனேஜர் லக்ஷ்மிநாராயணன் இப்படி ஒருவருக்காகத்தான் மூன்று மாதமாகக் காத்திருந்தார். சின்னச் சின்ன நிறுவனங்களின் பங்குகளில் பணம் போடும் ஒரு திட்டத்தைத் துரைராஜுக்குச் சொல்வதாக ஏற்பாடு. அதற்காகத் திரையில் காட்டும் படங்களை எல்லாம் தயாரித்தது அனு. முதல் நாள் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து தயாரித்தாள். மறுநாள் மதியம் மேனேஜர் செலவில் முழுச் சாப்பாடு. இரண்டரைக்கு மீட்டிங்.

அறையில் ஏ.சி. ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. அனுவுக்குப் பக்கத்தில் கேஷவ், கேஷவுக்கு அந்தப் பக்கம் துரைராஜ், திரைக்குப் பக்கத்தில் நின்றபடி மேனேஜர். கையில் பேனாவும் மடியில் பையுமாக உட்கார்ந்திருந்த அனு, எதிரே ஓடிய படங்கள் தான் போட்டவைதானே என்ற நிம்மதியில் ஒரு விநாடி கண்ணை மூடினாள். அப்புறம் நடந்ததற்கு அவள் பொறுப்பு என்று சொல்வது கஷ்டம்.

“இங்கதான் சார் பாருங்க, கிராஃப் திரும்புது” என்றார் லக்ஷ்மிநாராயணன்.

திரும்புது என்ற சொல் அவள் காதில் விழுந்தது. உடம்பு லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது.

“அண்ணா, எறக்கம் இருக்கு” என்றாள் அனு, ஏழு பேர் போகிற வண்டியில் டிரைவர் வரைக்கும் கேட்க வேண்டிய குரலில். மேசையை இரண்டு தட்டு தட்டினாள். கையில் இருந்த பேனாவைப் பக்கத்தில் நீட்டினாள்.

கேஷவும் தினம் கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறி வருகிறவன்தான். என்ன, ஏது என்று பார்க்காமல் பேனாவை வாங்கித் துரைராஜிடம் நீட்டினான். துரைராஜ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதே நேரத்தில் மேசைக்கு அடியில் டம்மென்று ஒரு சத்தம் கேட்டது. அது என்ன சத்தம் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

யோசிக்கிற நிலையில் யாரும் இல்லை. அனு கண்ணைத் திறந்தாள். பம்மல் இல்லை. திரையில் அவளே போட்ட பச்சைக் கோடு வானத்தைப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் மேனேஜர் ஒரு கையைத் தூக்கியபடி அப்படியே நின்றிருந்தார்.

துரைராஜ் மெதுவாக எழுந்தார். “ஏறும் ஏறும்னு நீங்க சொல்றீங்கோ. எறக்கம் இருக்குன்னு பாப்பா சொல்லுது. கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம் சார்” என்றார். பேனாவோடு போய்விட்டார்.

லக்ஷ்மிநாராயணன் கத்துகிற மனிதர் இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்கு மூன்று தடவை துடைத்தார். பிறகு, நாம் எல்லாரும் மனுஷர்கள்தான், ஆனால் ஆபீஸில் மட்டும் கொஞ்சம் குறைவாக மனுஷர்களாக இருப்பது நல்லது என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனார். அனு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு கோடி ரூபாய், ஆறு வாரம், ஒரு வேலை, எல்லாம் ஒரு தூக்கத்தில் போயிற்று என்ற அவமானத்தில் அவளுக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது.

அன்று மாலையே மன்னிப்புக் கடிதம் எழுதினாள். இணையத்தில் தேடி, நான்கு பத்தியில், ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மிகவும் வருந்துவதாக எழுதி முடித்து, ஹெச்.ஆர். பார்க்கும் கெசியா அக்காவிடம் காட்டினாள். கெசியா முழுசாகப் படித்துவிட்டு, தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் லேட்டானால் மைக்கில் இப்படித்தான் வருந்துவார்கள் என்றாள். அனு நான்கு பத்தியையும் அழித்துவிட்டு, ‘நான் தூங்கிவிட்டேன் சார், தப்புதான், மன்னியுங்கள்’ என்று ஒரே வரியில் அனுப்பினாள். ‘நோட்டட்’ என்று பதில் வந்தது. அந்த ஒரு சொல்லுக்கு நல்ல அர்த்தம் ஏதாவது உண்டா என்று ராத்திரி சாப்பிடும்போதுகூட யோசித்தாள்.

மறுநாளிலிருந்து அவளுக்குப் பழைய ஃபைல்களை வருட வாரியாக அடுக்கும் வேலை. மீட்டிங் எதிலும் இடம் இல்லை. லிஃப்ட் ஒவ்வொரு மாடியில் நிற்கும்போதும் கேஷவ் அவளைப் பார்த்து, “எறக்கம் இருக்கா?” என்று கேட்டான். முதல் நாள் அவளுக்கு அழுகை வந்தது. இரண்டாம் நாள் அவளே சிரித்துவிட்டாள். அதோடு அவனுக்கு அந்த விளையாட்டில் ருசி போய்விட்டது.

நான்காம் நாளுக்குள் ஒரு அதிசயம் நடந்துவிட்டது. அந்தத் திட்டம் சரிந்தது. சும்மா இல்லை, மூன்று நாளில் பத்து சதவீதம். கிளை முழுக்கப் போன் அலறியது. எங்களை ஏன் இதில் ஏற்றிவிட்டீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அந்தக் களேபரத்தில் துரைராஜும் போன் செய்தார். அவர் திட்டவில்லை. திங்கட்கிழமை வருவதாகவும், அன்றைக்கு எறக்கம் இருக்கிறது என்று சொன்ன அந்தப் பாப்பாவோடு பேசவேண்டும் என்றும் மட்டும் சொன்னார்.

லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியைத் துடைக்காமலே வெளியே வந்தார். ஃபைல் தூசியில் தும்மிக்கொண்டிருந்த அனுவைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துக் காபி சொன்னார். அவளுடைய மார்க்கெட் உள்ளுணர்வைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பேசப் பேச அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

“நீ ஒரு பொய்கூட சொல்ல வேண்டாம் அனு. நான் பேசிக்கறேன். நீ தலைய மட்டும் ஆட்டு. அவர் கையெழுத்துப் போட்டார்னா அந்த வேலை உன்னோடதுதான்.”

அவள் சரிவை முன்கூட்டியே கணித்ததாக ஒரு குறிப்பு எழுதித் தரும் பொறுப்பு கேஷவுக்குப் போயிற்று. பாவம், அவன் அதை நல்ல இங்கிலீஷில் எழுதினான். தூக்கம் என்று வரவேண்டிய இடத்தில் ‘வோலட்டிலிட்டி’ என்று போட்டிருந்தான்.

வீட்டில் சொன்னபோது சாமுண்டீஸ்வரிக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. “தூங்குனதுக்கு வேலை தராங்கோன்னா வேணாம்னுவியா நீ? பேசாம ஆட்டிட்டு வா” என்றாள். அனுவும் ஆட்டிவிடுவது என்றுதான் முடிவு செய்தாள். தலையாட்டுவது ஒரு குற்றமா என்ன? திங்கட்கிழமை காலை பல்லாவரத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் நாலு தடவை ஆட்டிப் பழகினாள். எதிரே இருந்த பூக்கார அம்மா பதிலுக்கு ஆட்டினாள். அன்றைக்கு மட்டும் வழியெல்லாம் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அதே அறை, அதே ஏ.சி., அதே இருக்கைகள். துரைராஜ் அதே மாதிரி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். பையில் அவளுடைய பத்து ரூபாய் பேனா நின்றுகொண்டிருந்தது. லக்ஷ்மிநாராயணன் கேஷவின் குறிப்பை அவர் முன்னால் வைத்து, எங்கள் ஆராய்ச்சிப் பிரிவு எதையும் நேருக்கு நேர் சொல்லத் தயங்காது என்று தொடங்கினார். அனு தலையை ஆட்டினாள். எங்களுக்கு வாடிக்கையாளர் நலன்தான் முக்கியம் என்றார். ஆட்டினாள். துரைராஜ் குறிப்பைப் புரட்டவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மொத்தப் பணத்தையும் போட்டுடறேன் சார். எங்க வூட்ல சொல்றா, அந்தப் பொண்ணு வாய்ல வாக்கு கீதுன்னு. எங்க போடணும், எப்போ எடுக்கணும்னு பாப்பாவே சொல்லட்டும். பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிருக்கறதையும் சேர்த்துக் குடுத்துடறேன்” என்றவர், அவள் பக்கம் திரும்பினார். “ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?”

அனு தலையை ஆட்டினாள்.

“எப்படின்னு கேட்டா தலையாட்டுறியே” என்றார் துரைராஜ்.

லக்ஷ்மிநாராயணன் வாயைத் திறந்தார். அதற்குள் அனுவின் வாய் திறந்துவிட்டது. இந்தத் தடவை அவள் நன்றாக விழித்திருந்தாள். கல்யாணத்துக்கு வைத்த பணம் என்று கேட்டதும், இந்த மனிதர் நாளைக்குப் போன் செய்து இப்போது எடுக்கலாமா என்று கேட்பார், அதற்குத் தான் மறுபடி தூங்கி எழுந்துதான் பதில் சொல்லவேண்டியிருக்கும் என்று பயமாக இருந்தது. மாமா கடை ஸ்டூல் ஒரு கணம் கண்முன் வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டாள்.

“சார், எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் தூங்கிட்டேன். பம்மல் வந்துடுச்சுன்னு நெனச்சுட்டேன்.”

கேஷவ் மேசையைப் பார்த்தான். லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார். துரைராஜ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரிப்பதை அந்த ஆபீஸில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. ரொம்ப நேரம் சிரித்தார்.

“அப்படிச் சொல்லு. ஷெட் போடறதுக்கு முன்னால நான் பதினாலு வருஷம் பல்லாவரம் குன்றத்தூர் ரூட்ல ஷேர் ஆட்டோ ஓட்டுனவன்மா. எறக்கம் இருக்குன்னு குரல் கேட்டா எனக்குக் கால் தன்னால பிரேக்குக்குப் போயிடும். அன்னிக்கு இந்த டேபிளோட கட்டைல மிதிச்சு கட்டைவிரல் வீங்கிடுச்சு.”

வண்டியை நிறுத்திய பிறகு கையெழுத்துப் போடும் மூடு போய்விட்டது, அவ்வளவுதான் என்று அவர் விளக்கினார். பேனாவைப் பையில் போட்டதே வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் தெரிந்ததாம். தூக்கத்தில் கத்தியிருக்கிறது பொண்ணு என்று அன்றைக்கே மனைவியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் திட்டம் சரிந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். இவருக்கும் லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நிஜமாகவே வாக்கு இருந்தால் விடுவானேன் என்றுதான் மொத்தப் பணத்தோடு வந்தாராம். நல்லவேளை சொன்னாய், ஒரு தூக்கத்தை நம்பி என் பொண்ணு கல்யாணம் நடக்கவேண்டியிருந்திருக்கும் என்றார்.

பிறகு மேனேஜரிடம், பதறாமல் ஒரு திட்டமாகச் சொல்லச் சொன்னார். லக்ஷ்மிநாராயணன் கண்ணாடி இல்லாமலே சொன்னார். ஏறுவதைச் சொன்னபோதெல்லாம் இறங்குவதையும் சொன்னார். அவர் அப்படிப் பேசி அனு கேட்டதில்லை. கோடியில் கால் பங்கை மட்டும் போடுவது, மிச்சம் வங்கியிலேயே இருப்பது என்று முடிவாயிற்று. துரைராஜ் பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

“இந்தப் பொண்ணு இங்கதானே இருக்கும்?” என்று கேட்டார்.

லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அனுவை ஒரு நிமிடம் பார்த்தார். கோபம் முழுசாகப் போகவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. “இருப்பாங்க சார்” என்றார்.

துரைராஜ் எழுந்தபோது சட்டைப் பையைத் துழாவி ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். தான் ஓட்டிய காலத்தில் பல்லாவரத்திலிருந்து பம்மலுக்கு ஐந்து ரூபாய் என்றும், பேனா பத்து ரூபாய் இருக்கும், பாப்பா அன்றைக்கு மிச்சம் வாங்கிக்கொள்ளவில்லை என்றும் சொல்லி, பேனாவையும் நாணயத்தையும் மேனேஜர் பக்கம் நீட்டினார். லக்ஷ்மிநாராயணன் ஒன்றும் கேட்காமல் வாங்கிக் கேஷவிடம் கொடுத்தார். கேஷவ் திரும்பிப் பார்க்காமல் அனுவிடம் கொடுத்தான்.

எட்டாவது வாரத்தின் கடைசி நாள் அவளுக்கு வேலைக் கடிதம் வந்தது. கேஷவைக் கிண்டியில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் எடுத்துக்கொண்டார்கள். அவன் வார்த்தைக்கு அங்கேதான் மரியாதை. கெசியா அக்கா கடிதத்தைக் கொடுக்கும்போது, இனிமேல் மீட்டிங் எல்லாம் காலை பதினொரு மணிக்குத்தான், மதியம் கிடையாது, மேனேஜர் உத்தரவு என்றாள்.

அன்று மாலை பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோ ஏறிய அனுவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வண்டியில் மாலைத் தூக்கம் வரவில்லை. கடிதத்தை எடுத்துப் படித்தாள். மடித்து உள்ளே வைத்தாள். சம்பளம் எழுதிய வரியை மறுபடி எடுத்துப் படித்தாள். திருப்பம் வந்தது, வண்டி திரும்பியது, உடம்பு சாய்ந்தது. விழித்திருந்த வாய்க்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது அனகாபுத்தூர். அவசரமாக இறங்கினாள். எதிரே மாமாவின் பெயிண்ட் கடை. குமரவேல் மாமா அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக எழுந்து, தோளில் கிடந்த துண்டால் அந்த ஸ்டூலைத் துடைத்தார்.

“வாம்மா. நீ வருவேன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

“இல்ல மாமா,” என்றாள் அனு, “ஸ்டாப்ப விட்டுட்டேன்.”